பால்வெட்டு இல்லாத மழை நாட்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் குலசேகரம் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மூத்தவள் நாலாம் வகுப்பு, இளையவன் ஒன்றாம் வகுப்பு. நாத்தனார் டொராண்டோவில் இருக்கிறார். அக்டோபர் பிறந்துவிட்டால் சிவந்த இலை, பூசணிக்காய், ஆப்பிள் பை என்று வீடியோவாக வந்துகொண்டே இருக்கும். “நமக்கு ஏம்மா இலையுதிர் காலம் இல்ல?” என்று மூத்தவள் கேட்கிறாள். இங்கே மழையும் கரண்ட் கட்டும்தான். போன வருடம் சீட்டுப் பணத்தில் ஒரு ஓ.டி.ஜி. அடுப்பு வாங்கினேன். இரண்டு தடவை கேக் வைத்தேன், இரண்டுமே நடுவில் குழிந்துபோனது. அதற்குப் பிறகு துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். மாமிக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவிப்பதும் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கிற மாதிரி வீட்டில் என்ன செய்யலாம்? மழைக்காலத்தில் எங்கள் கையில் காசு இருக்காது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நமக்கும் இலையுதிர் காலம் உண்டு. டொராண்டோவுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து நம் ஊருக்கு வருகிறது. அதுவும் உங்கள் வீட்டைச் சுற்றித்தான் வருகிறது.

அங்கே அக்டோபரில் பகல் சுருங்கி இரவு குளிர்ந்ததும் மேப்பிள் மரம் இலையில் இருக்கும் பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்கும். மஞ்சள் நிறம் முன்பே இலைக்குள் இருந்ததுதான், பச்சை விலகியதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. நம் ஊரிலோ வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் நம் மரங்கள் மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும்போதுதான் இலையை விடும். மார்கழியில் ரப்பர்த் தோட்டத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலையாக இருப்பது மஞ்சளாகி, செம்பு நிறமாகி, காற்றடித்தால் மொத்தமாகக் கொட்டும். நடந்தால் முழங்கால் வரைக்கும் சரசரக்கும். அந்த நிறத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். நமக்கு அது பால் குறையும் கவலையோடு சேர்ந்து வருவதால் நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பள்ளிக்கூட வளாகத்து வாதாம் மரமும் தை மாசி வாக்கில் இலை சிவந்துதான் உதிர்க்கும். மகளிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, உதிரும் முதல் இலையைத் தாளுக்கு நடுவே வைத்து, தேதியும் கிழமையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடம் எந்தத் தேதியில் விழுகிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்கும், அதாவது நீங்கள் வெறும் மழை என்று எழுதியிருக்கிறீர்களே அந்தக் காலத்துக்கும், தமிழில் தனியாகப் பெயர் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆறு பெரும்பொழுதில் ஒன்று. வாடை வீசுகிற, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒடுங்குகிற காலம். நாத்தனார் வீட்டில் அடுப்பைச் சுற்றிக் கூடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வெளியே குளிர். உங்கள் வீட்டில் கூடுவதற்குக் காரணம் வெளியே மழை. உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார்.

வருமானம் இல்லாத அந்தக் காலை வீட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். மழை விடுகிறதா என்று வாசலுக்கும் திண்ணைக்கும் நடந்துகொண்டே இருப்பார். அம்மா அவர் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துத் துருவச் சொல்வார். அப்பா திருவைக்குற்றியில் உட்கார்ந்து தேங்காய் துருவிய நாட்கள்தான் என் சிறுவயதில் நான் அவரோடு அதிக நேரம் பேசிய நாட்கள். பேக்கிங் கற்றுக்கொடுக்க வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் மழை நாளில் தேங்காய்ப்பூவின் மணம் வந்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருக்கும்.

வருடா வருடம் வரும் ஒரு நாளைக் குறியுங்கள். அன்றைக்கு அதே பலகாரம், அதே ஆட்கள், ஆளுக்கு அதே வேலை. ஏழெட்டுத் திட்டம் போடாதீர்கள். மூன்று வருடம் விடாமல் செய்தால் நான்காம் வருடம் பிள்ளைகளே வந்து “எப்பம்மா?” என்று கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு அந்த நாள் திருக்கார்த்திகைதான். அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தது, மாமியின் முழங்காலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

மாமிக்கு முழங்கால்தானே வலி? கை நன்றாகத்தானே இருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கொழுக்கட்டை மாவைப் பொதிகிற திரளி இலையைத் துடைத்து அடுக்கிக் கொடுத்துவிடுங்கள். மாவு பிசைவது, பாத்திரம் தூக்குவது, அடுப்பில் வைப்பது எல்லாம் நீங்களும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ளுங்கள். இலை மடிப்பது மட்டும் மாமியின் வேலை, அதைக் கற்றுக்கொள்வது பேத்தியின் வேலை. பார்க்க எளிதாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் தெரியும். திரளி இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு ஓடும். நடு நரம்பு முறியாமல், பக்கத்து இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கூம்பாகச் சுருட்ட வேண்டும். அடியில் ஓட்டை விழக் கூடாது, விழுந்தால் ஆவித் தண்ணீர் ஏறி மாவு சொதசொதத்துவிடும். மாவை நிறைத்த பிறகு இலையின் மீதியை மடக்கி ஈர்க்கிலால் குத்திவிடுவார்கள். அந்த ஈர்க்கில் இலையின் உள்மடிப்பைக் குத்தாமல் மேலே மட்டும் போனால் நிற்காது. மாமியின் விரல் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை எழுதிச் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அளவு தேவைப்பட்டால்: வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், கருப்பட்டி ஒன்றேகால் கப், தேங்காய்ப்பூ ஒரு கப், நன்றாகப் பழுத்த மட்டிப்பழம் மூன்று, ஏலக்காய் நான்கு, சுக்கும் சீரகமும் அரை அரை தேக்கரண்டி. கருப்பட்டியில் மண் இருக்கும், கொஞ்சம் தண்ணீரில் உருக்கிச் சூடாகவே வடிகட்டிவிடுங்கள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசைந்தால் போதும். பழத்திலும் ஈரம் இருப்பதால் பாகை மொத்தமாக ஊற்றிவிடாமல் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். இட்லிக் கொப்பரையில் இருபத்தைந்து நிமிடம் ஆவி. முதல் பத்து நிமிடம் தாண்டியதும் இலையிலிருந்து பட்டையும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு மணம் எழும்பும், திரளி பட்டை மரத்தின் சொந்தம்தானே. நாத்தனார் வீட்டு வீடியோவில் பட்டைப்பொடி போட்ட ஆப்பிள் பை என்கிறார்களே, அந்த மணத்தின் நெருங்கிய உறவு இது.

பனையோலை கிடைத்தால் ஓலைக் கொழுக்கட்டையும் செய்யலாம். குருத்தோலையைச் சாண் அளவுக்கு நறுக்கி, மடிப்புக்குள் மாவை வைத்து, ஓலை நாராலேயே கட்டி அரை மணி நேரம் அவியுங்கள். கட்டுவது இளையவனுக்குப் பிடிக்கும். எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தில் திருக்கார்த்திகைக்குக் காச்சில் கிழங்கும் சேம்பும் அவித்துப் புழுக்கு வைப்பார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் அவர்களும் ஒரே சமஸ்தானத்தில், பிறகு ஒரே மாநிலத்தில் இருந்தவர்கள்தானே, அடுப்பு இன்னும் பிரியவில்லை. உங்கள் விளையில் கிழங்கு இருந்தால் அதுவும் செலவில்லாத சாப்பாடு. ராத்திரி வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு மாவலி சுற்றிக் காட்டட்டும். ஆண்பனைப் பூவை மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டிப் பனைமட்டைக்கு நடுவே கட்டிச் சுற்றினால் பூவாகப் பொறி பறக்கும். பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும், பருத்தி உடுப்பு போட்டுவிடுங்கள்.

இனி ஓ.டி.ஜி.க்கு வருவோம். துணியை எடுத்துவிடுங்கள். கேக் நடுவில் குழிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். வேகும் முன் கதவைத் திறந்து பார்ப்பது, சோடாவோ பேக்கிங் பவுடரோ கூடுவது, ஈரம் அதிகமாவது. மழைக்காலத்தில் மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை மைதா உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் சரியாக வந்த அதே அளவு ஐப்பசியில் இளகிப்போகும். மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பாலோ தண்ணீரோ சேர்க்கிற செய்முறையில் கடைசி இரண்டு கரண்டியை நிறுத்திவைத்துப் பதம் பார்த்துச் சேருங்கள். இன்னொன்று, அடுப்பு விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நம்பாதீர்கள். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் விட்டுத்தான் டின்னை உள்ளே வைக்க வேண்டும்.

கனடாவில் அக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி கூறும் நாள். அறுவடைக்கு நன்றி சொல்கிற விடுமுறை, அன்றைக்குப் பூசணிப் பை இல்லாத மேசை குறைவு. நாத்தனாரின் வீடியோவில் நீங்கள் பார்ப்பது அநேகமாக அதுதான். அந்தப் பைக்கு வெண்ணெயும் கிரீமும் வேண்டும், நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் எரிசேரிக்கு வாங்குகிற மஞ்சள் பூசணியில் நல்ல கேக் வரும். கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான துண்டைத் தண்ணீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். மழைக்காலப் பூசணி நீர்த்திருக்கும், இதை விட்டுவிட்டால் மறுபடியும் நடுவில் குழியும். தண்ணீர் வடிந்த விழுது 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் கருப்பட்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி, வடித்து, ஆறவையுங்கள். அதில் இரண்டு முட்டையும் 100 மில்லி எண்ணெயும் அடித்து, பூசணி விழுதைச் சேருங்கள். மைதா 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, பட்டைப்பொடி அரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்து, இந்தக் கலவையில் கொட்டி, மாவு மறைகிற வரைக்கும் மட்டும் கிளறுங்கள். 170 டிகிரியில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம். முப்பத்தைந்து நிமிடம் ஆகும் முன் கதவில் கை வைக்காதீர்கள். ஈர்க்கில் குத்தி எடுத்தால் ஒட்டக் கூடாது.

கரண்ட் போனால்? உங்கள் பக்கத்தில் காற்றோடு மழை வந்தால் ரப்பர்க் கொப்பு கம்பியில் விழாமல் இராது, அதனால் இதையும் சொல்கிறேன். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போனால் கதவைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், உள்ளிருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். ஆரம்பத்திலேயே போனால், கனமான வாணலியில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் காயவைத்து, டின்னை அதற்கு மாற்றுங்கள். ஐம்பது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். நான் கேஸ் அடுப்பில் இப்படிச் சுட்டுத்தான் தொழில் படித்தேன். மேல்பக்கம் சிவக்காது, ருசியில் குறை இருக்காது.

வேறொன்றுக்கும் இந்தக் காலம்தான் சமயம். டிசம்பர் கேக்குக்குப் பழம் ஊறப்போடுவது. இந்தக் கரையில் கேக் என்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1883-இல், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய சீமைக் கேக்கைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்ததை வைத்தே கிறிஸ்துமஸ் கேக் செய்தார். உங்கள் பக்கத்து வீட்டில் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால் இரண்டு வீடும் சேர்ந்து ஊறப்போடுங்கள், செலவு பாதியாகும், டிசம்பரில் இரண்டு வீட்டிலும் கேக் இருக்கும். மது சேர்க்காமல் திராட்சைச் சாற்றில் ஊறவைப்பதானால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம், எனவே நவம்பர் கடைசியில் தொடங்கினால் போதும். தொழில் தொடங்கிய முதல் வருடம் இது தெரியாமல் வெளியே வைத்து, மழை ஈரத்தில் ஐந்து கிலோ பழமும் பூசணம் பூத்து, கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன். கடனுக்கு வாங்கிய பழம். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

கண்ணுக்கு அழகாகவும் ஏதாவது வேண்டும்தானே. அதற்கு வீட்டை அலங்கரிக்க எதுவும் வாங்க வேண்டாம். மழை விட்ட சாயங்காலம் முற்றத்தில் தும்பி தாழப் பறக்கும், கூட்டம் கூட்டமாக. அவற்றில் ஒரு வகை வடகிழக்குக் காற்றோடு கடல் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இளையவனிடம் இதைச் சொல்லுங்கள், நூல் கட்டிப் பிடிப்பதை அவனே விட்டுவிடுவான். வேலியில் செங்காந்தள் பூத்திருக்கும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ஒவ்வொரு இதழாகச் சிவப்பது இலை பழுப்பதைவிட அழகு. தள்ளி நின்று பார்க்கட்டும், கிழங்கு முதல் பூ வரைக்கும் எல்லாமே விஷம், பறிக்க விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் அடங்கிய பிறகு திற்பரப்பு அருவிக்குப் போய் வாருங்கள். நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்களே, அன்றைக்கு ரோட்டோரம் போய் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் பக்கத்தில் கூதிர் வரப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது.

பணத்தைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு கிலோ கருப்பட்டி வாங்கி, ஈரம் படாத டப்பாவில் போட்டு, அடுப்புக்கு மேல்தட்டில் வைத்துவிடுங்கள். திருக்கார்த்திகைக்கும் இரண்டு கேக்குக்கும் அது போதும். மாவும் தேங்காயும் பழமும் வீட்டில் இருப்பவைதானே. அந்த மூன்று நாளுக்காக அவர் யாரிடமும் கைமாற்று வாங்கும்படி ஆகாது.

திருக்கார்த்திகை அன்று மாலை நாத்தனாரை நீங்கள் கூப்பிடுங்கள். இங்கே ஆறரை என்றால் டொராண்டோவில் அப்போது காலை எட்டு, அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அவர்கள் ஊர் மரமெல்லாம் அதற்குள் மொட்டையாகியிருக்கும். மகள் வாசல் விளக்கைக் காட்டட்டும், பிறகு கேமராவைத் திருப்பி மாமியின் கையைக் காட்டட்டும். நாத்தனாரும் அந்தக் கையிலிருந்து திரளி வாங்கித் தின்று வளர்ந்தவர்தானே.